பம்கின் ஸ்பைஸ்: பூசணி இல்லாத பூசணி மசாலா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கக் கடைகளில் ஒரு வாசம் கிளம்பும். வெளியே வெயில் இன்னும் கொளுத்திக்கொண்டிருக்கும். உள்ளே காபி, பிஸ்கட், தயிர், மெழுகுவர்த்தி, நாய் பிஸ்கட் என்று எதை எடுத்தாலும் மேலே "பம்கின் ஸ்பைஸ்" என்று எழுதியிருக்கும். நான் இங்கே குடிவந்த நாளிலிருந்து ஊரிலிருக்கும் அத்தையும் சித்தப்பா பிள்ளைகளும், படிக்க வந்திறங்கும் மாணவர்களும் இதைப் பற்றி என்னிடம் கேட்டவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பம்கின் ஸ்பைஸ் என்றால் பூசணிக்காயை உலர்த்தி அரைத்த பொடியா?

இல்லை. அதில் பூசணி ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. பட்டை, சுக்கு, ஜாதிக்காய், கிராம்பு, இந்த நான்கின் பொடிதான் அது. பெரும்பாலும் ஆல்ஸ்பைஸ் என்ற ஐந்தாவது சரக்கும் சேரும். சிலர் ஜாதிபத்திரியும் போடுவார்கள். அளவில் பட்டைதான் ராஜா, மற்றதெல்லாம் பின்னால் வரும் பரிவாரம்.

பூசணி இல்லாததற்கு ஏன் பூசணிப் பெயர்?

நாம் மீன் மசாலா என்று வாங்குகிறோமே, அதில் மீனா இருக்கிறது? அதே கதைதான். பூசணிப் பையில் போடும் மசாலா என்பதால் முதலில் "பம்கின் பை ஸ்பைஸ்" என்றார்கள். நாளடைவில் நடுவிலிருந்த பை உதிர்ந்துவிட்டது.

பை என்றால் கைப்பை இல்லை. மாவில் தட்டுபோல ஓடு செய்து, அதில் வேகவைத்து மசித்த பூசணி, முட்டை, பால், சர்க்கரை கலந்து ஊற்றி அடுப்பில் சுடும் இனிப்பு. நவம்பர் நான்காவது வியாழக்கிழமை வரும் நன்றி கூறும் நாள் விருந்து இது இல்லாமல் நிறைவடையாது. நமக்குப் பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் எப்படியோ அப்படி.

வெந்த பூசணிக்குத் தனக்கென்று பெரிய மணம் கிடையாது. லேசான இனிப்பு, கொஞ்சம் மண்வாடை, அவ்வளவுதான். அதற்கு முகம் கொடுப்பது மசாலாதான். பம்கின் ஃப்ளேவர் என்று அமெரிக்கர்கள் மனதில் பதிந்திருப்பது உண்மையில் பட்டையும் கிராம்பும்.

இந்தக் கலவையை முதலில் கண்டுபிடித்தது யார்?

தனியொருவர் கண்டுபிடித்தது இல்லை. அச்சில் கிடைக்கும் பழைய ஆதாரங்களில் முக்கியமானது 1796-இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபர்டில் வெளியான "அமெரிக்கன் குக்கரி". அமெரிக்கர் ஒருவர் எழுதி அமெரிக்காவில் அச்சான முதல் சமையல் புத்தகமாக அதைத்தான் சொல்வார்கள். எழுதியவர் அமீலியா சிம்மன்ஸ். தலைப்புப் பக்கத்தில் தன்னை "அமெரிக்க அனாதை" என்று குறிப்பிட்டுக்கொண்டவர். அதில் பூசணி இனிப்புக்கு இரண்டு குறிப்புகள் உண்டு. ஒன்று பணக்கார வீட்டுப் பக்குவம்: கிரீம், ஒன்பது முட்டை, சர்க்கரை, அதோடு ஜாதிபத்திரி, ஜாதிக்காய், இஞ்சி. மற்றது சிக்கனப் பக்குவம்: பால், நான்கு முட்டை, சர்க்கரைக்குப் பதில் கரும்புப்பாகுக் கழிவான மொலாசஸ், அதோடு ஆல்ஸ்பைஸ், இஞ்சி. இன்றைய கலவையின் எலும்புக்கூடு இந்த இரண்டிலும் தெரிகிறது. வேடிக்கை என்னவென்றால் இரண்டிலும் பட்டை இல்லை.

இந்தப் பழக்கத்துக்கு வேர் இன்னும் பழையது. 14-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அரண்மனைச் சமையலில் "இனிப்புப் பொடி" என்ற பொருளில் ஒரு மசாலாக் கலவை புழங்கியது. இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்கள் அந்த நாக்கோடுதான் வந்தார்கள். பூசணியோ அமெரிக்க மண்ணின் காய். மெக்சிகோவின் வஹாகா பகுதிக் குகை ஒன்றில் கிடைத்த பூசணி விதைகளுக்குச் சுமார் 10,000 வயது. பழைய உலகத்து மசாலாவும் புது உலகத்துக் காயும் ஒரே ஓட்டில் சேர்ந்ததுதான் இந்தப் பை.

இந்தச் சரக்கெல்லாம் நம் பக்கத்தில் விளைவதாயிற்றே, அங்கே எப்படிப் போனது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

ஜாதிக்காயிலிருந்து ஆரம்பிப்போம். இன்றைய இந்தோனேசியாவில் பண்டா என்று கையளவு தீவுக்கூட்டம் ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் உலகத்து ஜாதிக்காய் முழுவதும் அங்கிருந்துதான் வந்தது. ஒரே பழத்தின் கொட்டை ஜாதிக்காய், அதைச் சுற்றியுள்ள சிவந்த வலை ஜாதிபத்திரி. 1621-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் யான் பீட்டர்சோன் கூன் படையோடு வந்து அந்தத் தீவுகளைப் பிடித்தார். அங்கிருந்த மக்களில் பெரும்பகுதியினர் கொல்லப்பட்டார்கள், பட்டினியில் செத்தார்கள், அல்லது அடிமைகளாகப் படாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றப்பட்டார்கள். அதன்பிறகு அடிமைகளை வைத்து ஜாதிக்காய்த் தோட்டங்கள் நடந்தன. கேக்கில் துருவிப் போடும் கொட்டைக்குப் பின்னால் இப்படி ஒரு ரத்தக்கறை இருக்கிறது.

அதே பண்டாவில் ருன் என்று ஒரு குட்டித்தீவு. அதன்மேல் ஆங்கிலேயர் உரிமை கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். 1667-இல் பிரெடா உடன்படிக்கையில் ருன் டச்சுக்காரர்கள் கையில் நின்றது. ஆங்கிலேயர் ஏற்கெனவே பிடித்து வைத்திருந்த மன்ஹாட்டன் அவர்களுக்கே விடப்பட்டது. நியூயார்க்கில் உட்கார்ந்து பம்கின் ஸ்பைஸ் காபி குடிப்பவர், ஒரு வகையில் ஜாதிக்காய்க்கு மாற்றாகப் போன மண்ணில் உட்கார்ந்திருக்கிறார்.

கிராம்பின் பூர்வீகமும் அந்தப் பக்கம்தான், டெர்னாட்டே, டிடோரே போன்ற மலுக்குத் தீவுகள். டச்சுக்காரர்கள் பொத்திப் பொத்தி வைத்திருந்த கிராம்பு, ஜாதிக்காய்க் கன்றுகளை 1770 வாக்கில் மொரீசியசுக்குக் கடத்திவரச் செய்தவர் பியேர் புவாவ்ர் என்ற பிரெஞ்சுக்காரர். அந்தக் குடும்பப் பெயருக்குப் பிரெஞ்சில் மிளகு என்று அர்த்தம்! 1800-ஐ ஒட்டி ஆங்கிலேயக் கம்பெனி நம் குற்றாலத்தில் வாசனைத் தோட்டம் போட்டுக் கிராம்பும் ஜாதிக்காயும் பயிரிட்டது. இன்று கன்னியாகுமரிக் கிராம்புக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது.

பட்டைக்கு இலங்கை. அங்கே தமிழில் அதற்குக் கறுவா என்று பெயர். கொழும்பின் பணக்காரப் பகுதிக்கு இன்றும் கறுவாத்தோட்டம் என்றுதான் பெயர். போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று மூன்று பேரும் அந்தத் தீவின் கரையோரத்துக்கு அடித்துக்கொண்டதில் இந்த மரப்பட்டைக்குப் பெரும் பங்கு உண்டு. டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் கொழும்பைப் பிடித்ததும் 1796-இல்தான், அமீலியா சிம்மன்ஸ் புத்தகம் வந்த அதே வருடம்.

ஆல்ஸ்பைஸ் மட்டும்தான் அமெரிக்கப் பக்கத்துப் பிள்ளை. ஜமைக்காவிலும் நடு அமெரிக்காவிலும் விளையும் ஒரு மரத்தின் காய். பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் மூன்றும் சேர்ந்தாற்போல மணப்பதால் ஆங்கிலேயர் அப்படிப் பெயர் வைத்தார்கள். கேரளத்தில் அதைச் சர்வசுகந்தி என்பார்கள். இந்தப் பெயர்தான் எனக்கு இன்னும் பிடிக்கும்.

இன்னொரு துணுக்கு. அந்தப் புத்தகம் வெளியான கனெக்டிகட் மாநிலத்துக்கு "ஜாதிக்காய் மாநிலம்" என்று பட்டப்பெயர். அந்த ஊர் நடைவியாபாரிகள் மரத்தைக் கடைந்து ஜாதிக்காய் என்று விற்றார்களாம். மிளகில் பப்பாளி விதை கலக்கும் வித்தை நமக்கு மட்டும் சொந்தமில்லை.

டப்பாவில் அடைத்து விற்க ஆரம்பித்தது எப்போது?

பால்டிமோரில் 1889-இல் தொடங்கிய மெக்கார்மிக் நிறுவனம் 1934-இல் பம்கின் பை ஸ்பைஸ் என்று தயார்க் கலவையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வருடத்துக்கு ஒருமுறை பை செய்ய ஐந்து டப்பா வாங்குவதைவிட ஒரு டப்பா சுலபம் அல்லவா? டப்பாவில் அடைத்த பூசணி விழுதும் கடைக்கு வந்துவிட, பை செய்வது சுலபமாகிவிட்டது. லிப்பிஸ் என்ற பிராண்ட் 1950-லிருந்து தன் டப்பாவின் மேலேயே செய்முறையை அச்சிட்டு வருகிறது. பல அமெரிக்க வீடுகளில் "பாட்டி பக்குவம்" என்று பெருமையாகச் சொல்வது இந்த லேபிள் பக்குவம்தான். அதில் பட்டை, இஞ்சி, கிராம்பு மட்டுமே இருக்கின்றன, ஜாதிக்காய்கூடக் கிடையாது.

பைக்குப் போட்டது காபிக்கு எப்படித் தாவியது?

ஸ்டார்பக்ஸ் என்ற காபிக்கடை நிறுவனத்தின் வேலை. 2003-இல் சியாட்டிலில் இருக்கும் அவர்களுடைய சோதனைக்கூடத்தில் பீட்டர் டியூக்ஸ் என்பவர் தலைமையில் இலையுதிர் காலத்துக்கென ஒரு பானம் யோசித்தார்கள். வாடிக்கையாளரிடம் கருத்துக் கேட்டபோது சாக்லேட்டும் கேரமலும்தான் முன்னால் நின்றன. பூசணி யோசனைக்குப் பெரிய ஆதரவில்லை. ஆனால் "இதுபோல வேறெங்கும் இல்லை" என்ற கணக்கில் அதற்கு நல்ல மதிப்பெண். சரி, பார்த்துவிடுவோம் என்று பூசணிப் பைகளைக் கொண்டுவந்து வைத்து, ஒரு வாய் பை, ஒரு வாய் எஸ்பிரெஸோ என்று சாப்பிட்டுப் பார்த்தார்களாம். பையின் எந்தச் சுவை காபியோடு ஒட்டுகிறது, எது ஒட்டவில்லை என்று கண்டுபிடிக்கத்தான் இந்தக் கூத்து.

அந்த வருடமே வான்கூவரிலும் வாஷிங்டன் டிசியிலும் விற்றுப் பார்த்தார்கள். 2004-இல் அமெரிக்கா முழுக்க வந்தது. பெயர் பம்கின் ஸ்பைஸ் லாட்டே (லாட்டே என்றால் பால் நிறையச் சேர்த்த காபி), செல்லமாக "பிஎஸ்எல்". அதன்பிறகு நடந்ததுதான் கடை முழுக்க இருக்கிறதே.

அந்தக் காபியிலாவது பூசணி உண்டா?

முதல் பன்னிரண்டு வருடம் கிடையாது. 2015-லிருந்து அதில் ஊற்றும் இனிப்புப் பாகில் கொஞ்சம் பூசணி விழுது சேர்க்கிறார்கள். குடித்தால் தெரியாது.

இலையுதிர் காலத்தில் மட்டும் ஏன்? மற்ற மாதங்களில் பட்டை மணக்காதா?

பூசணி அறுவடை செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை. அக்டோபர் 31 ஹாலோவீனுக்கு வாசலில் பூசணியைக் குடைந்து விளக்கு வைப்பார்கள். அப்புறம் நன்றி கூறும் நாள். கோடை முடிந்து குளிர் தொடங்கும் அந்த மூன்று மாதத்தில்தான் வீட்டு அடுப்பில் கேக்கும் பையும் வேகும். வருடா வருடம் ஒரே மாதத்தில் ஒரே வாசம் வந்தால் அது மனதில் பண்டிகையாகப் பதிந்துவிடும். மார்கழி என்றால் நமக்குச் சாணமும் கோலப்பொடியும் கலந்த ஒரு வாசம் நினைவுக்கு வருகிறதே, அதுபோல.

அதோடு வியாபாரத் தந்திரமும் உண்டு. வருடம் முழுக்கக் கிடைத்தால் யாரும் வரிசையில் நிற்க மாட்டார்கள். இப்போது அந்த "இலையுதிர் காலம்" ஆகஸ்ட் மூன்றாவது, நான்காவது வாரத்திலேயே தொடங்கிவிடுகிறது. மரத்தில் ஒரு இலைகூட உதிர்ந்திருக்காது.

கரம் மசாலாவுக்குப் பதில் இதையோ, இதற்குப் பதில் கரம் மசாலாவையோ போடலாமா?

வேண்டாம், நான் பட்டுவிட்டேன். வந்த புதிதில் கடையில் கரம் மசாலா கிடைக்காமல் குருமாவில் இதைக் கொட்டினேன். குருமா முட்டைக்கோஸ் போட்ட கேக்காகிவிட்டது. கரம் மசாலாவில் மல்லி, சீரகம், மிளகு, ஏலக்காய் என்று காரத்தையும் உப்பையும் தாங்கும் சரக்குகள் உண்டு. இது முழுக்க முழுக்க சர்க்கரையை நம்பிப் பிறந்த கலவை. இஞ்சியும் இங்கே சுக்காகத்தான் வரும், பச்சை இஞ்சியாக அல்ல.

வேறு நாடுகளில் இதற்கு உறவுக்காரர்கள் உண்டா?

நிறைய. இங்கிலாந்தில் மிக்ஸ்டு ஸ்பைஸ், அதில் மல்லியும் சேரும். நெதர்லாந்தில் டிசம்பர் 5 சின்டர்கிளாஸ் பண்டிகைக்குச் செய்யும் ஸ்பெகுலாஸ் பிஸ்கட்டுக்கென்றே ஒரு மசாலா இருக்கிறது. ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் சமயத்து மசாலா பிஸ்கட்டான லெப்கூகன். பிரான்சின் "நான்கு மசாலா" மட்டும் கொஞ்சம் வேறு ரகம், மிளகு போட்டு இறைச்சிக்கும் பயன்படுத்துவார்கள். நமக்கு நெருங்கிய உறவு இலங்கையின் லவ் கேக். ரவை, முந்திரி, பன்னீர், கறுவா, சாதிக்காய், ஏலம் எல்லாம் சேர்ந்தது. சிலர் அதில் சர்க்கரைப்பாகில் ஊறிய நீற்றுப்பூசணித் துண்டுகளையும் போடுவார்கள். பெயரில் பூசணி இல்லை, உள்ளே பூசணி இருக்கிறது!

வீட்டிலேயே பொடிப்பது எப்படி?

பட்டைப்பொடி 3 மேசைக்கரண்டி. சுக்குப்பொடி 2 தேக்கரண்டி, துருவிய ஜாதிக்காய் 2 தேக்கரண்டி. கிராம்புப்பொடி ஒன்றரைத் தேக்கரண்டி, ஆல்ஸ்பைஸ் பொடி ஒன்றரைத் தேக்கரண்டி. கலந்து ஈரமில்லாத பாட்டிலில் போட்டு மூடிவிடுங்கள்.

வறுக்க வேண்டாம். மசாலா என்றாலே வாணலியை அடுப்பில் வைக்கும் பழக்கம் நமக்கு. இது எப்படியும் கேக்கிலோ பாகிலோ வேகத்தான் போகிறது. மிக்ஸியில் அரைத்தபின் கட்டாயம் சலியுங்கள், பட்டை எவ்வளவு அரைத்தாலும் நார் நிற்கும். கிராம்பில் மட்டும் கை தாராளம் கூடாது. அரைத் தேக்கரண்டி கூடினாலும் பல்வலிக்கு மருந்து வைத்ததுபோல நாக்கு மரத்துவிடும்.

ஆல்ஸ்பைஸ் எங்கள் ஊரில் கிடைக்கவில்லையே?

விட்டுவிடுங்கள். கிராம்பும் ஜாதிக்காயும் கால் தேக்கரண்டி கூட்டி, ஒரு சிட்டிகை மிளகுத்தூள் சேர்த்தால் போதும்.

எந்தப் பட்டை வாங்குவது?

மளிகைக்கடையில் இரண்டு வகை இருக்கும். தடித்து, கரடுமுரடாக, ஒற்றை மடிப்பாக இருப்பது கேசியா, பிரியாணிக்குப் போடுவது. சுருட்டு மாதிரி மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டிருப்பது இலங்கைக் கறுவா, சுருள்பட்டை என்று கேட்டால் கொடுப்பார்கள். அமெரிக்கக் கடைகளில் வெறுமனே "சின்னமன்" என்று விற்பது பெரும்பாலும் இந்தோனேசியா, வியட்நாம் கேசியாதான். அமெரிக்கர்களுக்குப் பழகிய அந்த உறைப்பான மணம் வேண்டுமென்றால் கேசியா, மென்மையாக வேண்டுமென்றால் சுருள்பட்டை.

தினமும் தேக்கரண்டிக் கணக்கில் சாப்பிடுகிறவர்கள் சுருள்பட்டைக்கு மாறுவது நல்லது. கேசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம், அளவு மீறினால் சிலருக்கு ஈரலைப் பாதிக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் வரம்பு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். எப்போதாவது ஒரு துண்டு கேக் சாப்பிடுகிறவர் இதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பை, காபி தவிர வேறு எதில் போடலாம்?

வாழைப்பழ கேக், ஓட்ஸ் கஞ்சி, வேகவைத்து நெய்யில் பிரட்டிய சர்க்கரைவள்ளிக்கிழங்கு, சூடான பால். பரங்கிக்காய் அல்வாவில் கால் தேக்கரண்டி போட்டுப் பாருங்கள், நான் செய்ததில் உருப்படியானது அதுதான். கேரட் அல்வாவில் எனக்குப் பிடிக்கவில்லை.

காபிக்குப் பொடியை நேரே தூவாதீர்கள். கரையாமல் மேலே மிதக்கும், கடைசி வாயில் மணல்போல வரும். ஒரு கோப்பைச் சர்க்கரை அல்லது வெல்லம், ஒரு கோப்பைத் தண்ணீர், ஒன்றரைத் தேக்கரண்டி பொடி, ஆசைக்கு இரண்டு கரண்டி பரங்கி விழுது, எல்லாவற்றையும் பத்து நிமிடம் சிறுதீயில் கொதிக்கவிட்டு மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். குளிர்பெட்டியில் ஒரு வாரம் இருக்கும். நம் டிகாக்ஷனோடு அது அருமையாகச் சேரும். சுக்குக்காபி குடித்து வளர்ந்த நாக்குக்கு அந்நியமாகவே தோன்றாது.

நம் ஊர்ப் பரங்கிக்காயில் பை வருமா?

நன்றாகவே வரும். இங்கே டப்பாவில் அடைப்பது ஹாலோவீன் வாசலில் இருக்கும் ஆரஞ்சுப் பூசணி இல்லை. அது நீர்த்துப்போன காய், விளக்குக்குத்தான் லாயக்கு. டப்பாவுக்குப் போவது பெரும்பாலும் இல்லினாய் மாநிலத்தில் விளையும் டிக்கின்சன் என்ற வெளிர்பழுப்புத் தோல் ரகம். தாவரவியலில் அது குக்கர்பிட்டா மொஸ்காட்டா. நம் சந்தையில் கீற்றுப் போட்டு விற்கும் பரங்கி, கொங்குப் பக்கத்து அரசாணி, பெரும்பாலும் அதே இனம்தான்.

குக்கரில் தண்ணீர் விட்டு வேகவைத்தால் கொழகொழவென்று ஆகிவிடும். இட்லித் தட்டில் ஆவியில் வேகவைத்து, மசித்து, துணியில் கட்டி ஒரு மணி நேரம் தொங்கவிடுங்கள். நீர் வடிந்த விழுது 425 கிராம் இருந்தால் அது ஒரு டப்பாவுக்குச் சமம்.

பொடி எவ்வளவு நாள் தாங்கும்?

கெடாது, ஆனால் ஆறு மாதத்துக்குமேல் மணம் போய்விடும். அடுப்புக்கு மேல் அலமாரியில் வைக்காதீர்கள்.

உடம்புக்கு நல்லது என்கிறார்களே?

சமையல் அளவில் மசாலாவால் கெடுதல் இல்லை. அதிலிருந்து மருத்துவப் பலனும் எதிர்பார்க்க வேண்டாம். கவலைப்பட வேண்டியது கூடவே வரும் சர்க்கரைக்குத்தான். கடையில் விற்கும் நடுத்தர அளவு லாட்டே ஒன்றில், மேலே க்ரீமோடு, சர்க்கரை மட்டும் சுமார் 50 கிராம் இருக்கும். வீட்டுச் சர்க்கரையில் அது பன்னிரண்டு தேக்கரண்டி.

ஜாதிக்காயை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதிலுள்ள மிரிஸ்டிசின் என்ற பொருளால், ஒரே சமயத்தில் தேக்கரண்டிக் கணக்கில் உள்ளே போனால் படபடப்பு, வாந்தி, மனக்குழப்பம் எல்லாம் வரும். குழந்தைக்கு ஜாதிக்காயை ஒரு இழைப்பு, இரண்டு இழைப்பு என்று எண்ணி உரைத்த பாட்டிமார்கள் காரணமில்லாமல் எண்ணவில்லை.

இதை ஏன் இப்படிக் கேலி செய்கிறார்கள்?

எல்லாவற்றிலும் போட்டதால்தான். 2019-இல் ஹோர்மல் நிறுவனம் டப்பா இறைச்சியான ஸ்பாமிலேயே பம்கின் ஸ்பைஸ் ரகம் விட்டது. சிரித்துக்கொண்டே வாங்கித் தீர்த்துவிட்டார்கள். 2022-இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதியிலும் அந்தச் சொல் ஏறிவிட்டது. இளம்பெண்கள் விரும்பிக் குடிப்பது என்பதாலேயே கேலி இன்னும் கூடியது என்பது என் எண்ணம். பொருளில் குற்றமில்லை. மெழுகுவர்த்திக்கு மட்டும் நான் ஆள் இல்லை, தலை வலிக்கும்.

ஊருக்குப் போகும்போது ஒரு டப்பா வாங்கிப் போகலாமா?

தாராளமாக. நானும் ஒருமுறை கொண்டுபோனேன். அத்தை மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இது பிரியாணிக்கா, பாயசத்துக்கா?" என்று கேட்டார். பாயசத்துக்கு என்றேன். இன்னொரு தடவை முகர்ந்து பார்த்து, "அப்போ ஏலக்காய் எங்கடா?" என்றார்.